சம்பளம் நின்ற பிறகு: ராஜ்மகால் மலையில் ஒரு சபை

## எதைப் பற்றிய குறிப்பு

ஜார்க்கண்டின் வடகிழக்கு மூலையில், ராஜ்மகால் மலைமேல் நாற்பது வீடு சொச்சம் உள்ள ஒரு கிராமம். 2008ல் அங்கே ஒரு சபை தொடங்கியது. சபையில் போதிக்கும் ஊழியரான அதன் உள்ளூர் உபதேசியாருக்குத் தமிழ்நாட்டிலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டிருந்த சம்பளத்தை 2015ல் நிறுத்தினோம். அதற்கு முன் என்ன பார்த்தோம், ஏன் நிறுத்தினோம், நிறுத்தியதும் என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அந்தப் பணித்தளத்தைத் தாங்கும் சபைகளின் சார்பில் போய்ப் பார்த்து வரும் மூவர் குழுவில் நான் ஒருவன். ஊர், ஆள், அமைப்பு எதற்கும் பெயர் தரவில்லை. இதில் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் எங்கள் குழுவின் தவறுகள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## பின்னணி

ராஜ்மகால் மலை சாகிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. கங்கை இந்த மலையைச் சுற்றித் திரும்பித்தான் வங்காளத்துக்குள் இறங்குகிறது. மலைமேல் பகாடியா மக்கள், அடிவாரத்தில் சந்தால் மக்கள். 1832ல் கம்பெனி அரசு அடிவாரத்தை அளந்து எல்லை போட்டு, 'தாமின்-இ-கோ' என்று பெயர் வைத்தது. காட்டை வெட்டிக் கழனியாக்கச் சந்தால்கள் அங்கே வந்தார்கள். பகாடியாக்கள் மேலே ஒதுங்கினார்கள். இன்றைக்கும் ஊர் உச்சியில், தண்ணீர் கீழே சுனையில். ஒரு குடம் தண்ணீருக்கு இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஆகும்.

இங்கே இருக்கும் சௌரியா பகாடியாக்கள் தங்களை 'மாலேர்' என்பார்கள். பேசுவது மால்தோ. சுற்றிலும் சந்தாலி, இந்தி, வங்காளி பேசும் பூமி. நடுவில் மலையுச்சியில் ஒரு திராவிட மொழி. கண்ணுக்கு அவர்கள் சொல் 'கனு', ககரத்தைத் தொண்டைக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். நான் என்பதற்கு 'ஏன்', நீ என்பதற்கு 'நீன்'. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே ராஜ்மகால் மொழியின் திராவிட உறவைச் சொல்லிவிட்டார். எங்கள் குழுவில் இருவர் இடையன்குடிப் பக்கத்துக்காரர்கள். அந்தப் பெருமையோடுதான் முதல் தடவை மலை ஏறினோம். மூச்சு வாங்கியதில் பெருமை பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.

மொழியில் இன்னொன்றும் உண்டு. நம்மைப் போலவே அவர்களுக்கும் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. கேட்பவரை விட்டுச் சொன்னால் 'ஏம்', சேர்த்துச் சொன்னால் 'நாம்'. இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்'தான். இந்தியில் கேட்டிருந்தால் எனக்குப் புரியாமல் போயிருக்கும் ஒரு விஷயம் பின்னால் வருகிறது.

சாகுபடி மலைச்சரிவில். காட்டை வெட்டி, காயவிட்டு, கொளுத்தி, மழை தொடங்கியதும் குச்சியால் குழி போட்டு விதைப்பார்கள். மக்காச்சோளம், கம்பு, பர்பட்டி. பர்பட்டி என்பது நம்ம ஊர்த் தட்டாம்பயறுதான். சோளமும் கம்பும் வாய்க்கு, பயறு காசுக்கு. ஆனால் பயறு காய்க்கும் முன்னாலேயே அடிவாரத்து மகாஜன் அதன்மேல் கடன் கொடுத்திருப்பார். அறுவடையில் அவர் சொன்ன விலைக்கு அவரே அளந்துகொள்வார். ஆனி முதல் ஆவணி வரை வீட்டில் தானியம் இருக்காது.

நோய் என்றால் மலேரியாவும் காலா அசார் என்ற கருங்காய்ச்சலும். கருங்காய்ச்சல் மணல் ஈ கடித்து வருவது. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும், ஆள் கறுத்து மெலிந்து போவார். மருத்துவம் பார்க்காவிட்டால் பெரும்பாலும் சாவுதான். இந்த மலையும் சுற்றுவட்டாரமும் அதற்கு ரொம்பக் காலமாகப் பேர் போனவை.

மிஷனெரிகள் இந்த மலைக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே சர்ச் மிஷன் சங்கத்தார் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான எர்னஸ்ட் ட்ரோசே 1884ல் மால்தோவுக்கு இலக்கணமே எழுதினார். ஆனால் எங்கள் கதையில் வரும் ஊர் வரைக்கும் யாரும் ஏறி வந்ததாக அங்குள்ளவர்களுக்கு நினைவில்லை. எங்கள் பக்கத்திலும் இது பழைய வழக்கம்தான். 1903லேயே திருநெல்வேலிச் சபையார் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, சொந்தக் காணிக்கையில் தோர்ணக்கல் பக்கம் ஊழியர் அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பணம் இல்லை என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. மாலேர் மக்களுக்குத் திருநெல்வேலிப் பணமும் வெளியூர்ப் பணம்தான் என்பது எங்களுக்கு உறைக்க நாளாயிற்று.

## 2008 முதல் 2013 வரை

தென்மாவட்டத்திலிருந்து ஒரு மிஷனெரி தம்பதி போனார்கள். அவர் ஐ.டி.ஐ. படித்தவர், அந்த அக்கா கிராம சுகாதாரப் பயிற்சி பெற்றவர். முதல் வருடம் அடிவாரத்தில் ஒரு சந்தால் வீட்டில் தங்கி, வாரம் நான்கு நாள் மலையேறி மொழி கற்றார்கள். ஊரார் அவரைத் 'தாதா' என்றும் அக்காவைத் 'தீதி' என்றும் கூப்பிட்டார்கள். கதவு திறந்தது காய்ச்சலால்தான். விடாத காய்ச்சல்காரரைக் கீழே இறக்கி, வண்டி பிடித்து, அரசு மருத்துவமனையில் சேர்த்து, கூடவே இருந்து திரும்பக் கூட்டி வருவார்கள். இரண்டு வருடத்தில் பத்துப் பதினைந்து பேரை அப்படிக் காப்பாற்றியிருப்பார்கள்.

அவர்களில் ஒருவன் எட்டாவது வரை படித்த பையன். கருங்காய்ச்சலிலிருந்து பிழைத்தவன், மாந்தர் மேளம் நன்றாக வாசிப்பான். முதலில் பாட்டுக்கு வந்தான், அப்புறம் வேதம் வாசிக்க வந்தான். 2009ல் முதல் ஞானஸ்நானம் அவனுக்கு. 2010ல் அவனை உபதேசியாராக வைத்தோம். மாதம் 1,500 ரூபாயில் தொடங்கி 2014ல் 3,500 ஆனது. அவன் பேச்சு ஊரில் எடுபட்டது. 2013 முடியும்போது 19 வீடுகள் சபையில் இருந்தன.

2012ல் ஆலயம் கட்டினோம். சுவர் செங்கல், கூரை தகரம். தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் தங்கள் தாயாரின் நினைவாகப் பணம் கொடுத்தது. வாசலில் கறுப்புக் கிரானைட் கல்லில் பொன்னெழுத்தில் அந்த அம்மையாரின் பெயரும் தேதியும். எல்லாம் தமிழில். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத ஊரில் அந்தக் கல்லை நிறுத்தி, முன்னால் நின்று நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம். அன்றைக்கு யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, எனக்கும்தான்.

## 2014 ஜனவரியில் பார்த்தவை

ஆறு நாள் தங்கினோம். ஞாயிறு ஆராதனையில் அறுபது பேர். பாட்டு அருமை. ஆனால் ஆலயத்தின் வடகிழக்கு மூலையில் வானம் தெரிந்தது. போன சித்திரையில் அடித்த கால்பைசாகி என்ற கோடைச் சூறைக் காற்றில் இரண்டு தகரம் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதமாக அப்படியே. மழைக்காலம் முழுக்க அந்த மூலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆணியும் சுத்தியலும் மிஷனெரி வீட்டில் இருந்தன. இத்தனைக்கும் தங்கள் வீட்டுக் கூரையை ஒரு பொழுதில் வேய்ந்துவிடும் மக்கள் அவர்கள்.

ஏன் சரிசெய்யவில்லை என்று ஒரு பெரியவரிடம் கேட்டோம். சாதாரணமாகச் சொன்னார்: "அது உங்க வீடு. கம்பெனிக்கு எழுதியிருக்காங்க, ஆள் வரும்." மிஷனெரி மொழிபெயர்க்கும் முன்னாலேயே 'நிம்' என்ற சொல் என் காதில் விழுந்துவிட்டது. நும், உம் என்பதன் உறவுச் சொல். 'கம்பெனி' என்றது எங்களைத்தான். கல்குவாரிக்குக் கம்பெனி இருக்கிறது, ஆலயத்துக்கும் ஒரு கம்பெனி என்பது அவர் கணக்கு. கிண்டலோ கோபமோ இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

பிறகு காணிக்கை நோட்டைப் பார்த்தோம். முந்தைய மூன்று மாதத்தில் பாதி ஞாயிறுகளுக்கு எதிரே கோடு. மீதியில் 12, 20, 15 ரூபாய். அதில் பெரும்பகுதி மிஷனெரி குடும்பம் போட்டது என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

உபதேசியார் வீட்டுக்கு இரவில் போனோம். அரிக்கேன் விளக்கில் மாத அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான். எத்தனை வீடு சந்தித்தாய், எத்தனை புதியவர், எத்தனை துண்டுப்பிரதி என்று இந்தியில் அச்சடித்த படிவம். அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு மாதமும் அதற்கு இரண்டு நாள் ஆகுமாம். மூன்று வருடமாகச் சரிவில் சாகுபடி செய்யவில்லை. அந்த மலையில் விதைக்காதவன் என்றால் வாத்தியார், வனக்காவலர், மகாஜன், அப்புறம் எங்கள் உபதேசியார். சொந்தக்காரர்கள் வாரம் ஒருவராகக் கடன் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் அவனே மகாஜனிடம் நின்றான்.

நான்காவது விஷயத்தைச் சொன்னவர் ஊர்த் தலைவரான மாஞ்சி. அவர் சபைக்கு வராதவர். அவர் வீட்டில் போன வருடம் ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்திருந்தது. தீதியிடம் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டதற்கு, மருந்து வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டுமே என்றார். அப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் மருந்துப் பெட்டி ஆலயத்தின் பின்னறையில் இருந்தது. கொடுக்கும் முன் ஜெபம். அதிக நோயாளிகள் வந்தது ஞாயிறு ஆராதனை முடிந்து. வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? என் பார்வையில் இந்தப் பயணத்தில் கண்டதிலேயே கனமானது இதுதான்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2014 நவம்பரில் தமிழ்நாட்டில் கூடினோம். சர்ச் மிஷன் சங்கச் செயலாளராக இருந்த ஹென்றி வென் 19ஆம் நூற்றாண்டில் சொன்ன மூன்று 'தன்'களை எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள்: தன்னாட்சி, தன்னாதரவு, தன்விரிவு. மூன்று கருத்து இருந்தது. ஒரு சாரார், சம்பளத்தைத் தொடர்ந்து கொடுப்போம், ஆள் இல்லாவிட்டால் சபை சிதறிவிடும் என்றார்கள். இன்னொரு சாரார், மூன்று வருடத்தில் படிப்படியாகக் குறைப்போம் என்றார்கள். நானும் மற்றொருவரும் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னோம். சம்பளம் இருக்கும்வரை உபதேசியார் கம்பெனி ஆள்தான், குறைத்துக் கொடுத்தால் குறைந்த சம்பளக் கம்பெனி ஆள் என்பது எங்கள் வாதம். வாதம் ஜெயித்துவிட்டது.

மருந்து விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லை. பெட்டி ஆலயத்தை விட்டு ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும், ஞாயிறு கிடையாது, சந்தை நாளில் மட்டும், கொடுக்கும் இடத்தில் ஜெபமோ பாட்டோ வேண்டாம். மாத அறிக்கைப் படிவமும் ரத்து. நான்காவதாக, சபையாருக்குப் பிடியரிசியைப் பழக்குவது. நம் ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்களே, அதுதான். மிசோரத்தில் 1910ல் பெண்கள் இப்படித் தொடங்கியதுதான் இன்றும் அந்தச் சபைகளுக்குப் பெரிய வருமானம். மிசோரத்தில் முடிந்தது இங்கே முடியாதா என்று நினைத்தோம்.

சம்பளம் 2015 ஏப்ரலிலிருந்து நிற்கும் என்று தீர்மானம். ஏன் ஏப்ரல்? எங்கள் கணக்கு வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. வேறு காரணம் இல்லை.

மிஷனெரியின் மனைவி மட்டும் போனில் எதிர்த்தார். "அண்ணாச்சி, சித்திரைல இலுப்பப்பூ கெடக்கும், எப்படியும் ஓட்டிருவாங்க. ஆனி, ஆடில என்ன செய்வாங்க? நிறுத்துங்க, வேண்டாங்கல. கார்த்திகை வரைக்கும் விடுங்க, பயறு வீட்டுக்கு வந்துரும்." அதைக் கூட்டக் குறிப்பில் 'கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று எழுதினோம். அவ்வளவுதான் செய்தோம்.

## 2015: நடந்தது

கடிதம் உபதேசியார் கையில் கிடைத்தது பிப்ரவரி கடைசியில். யார் யார் சேர்ந்து எந்தச் சரிவை வெட்டுவது என்று ஊரார் பேசி முடிப்பது தை மாதத்தில். அது முடிந்துவிட்டிருந்தது. ஆக, அந்த வருடம் அவனுக்குச் சம்பளமும் இல்லை, சரிவும் இல்லை. ஜூன் கடைசியில் மற்ற மலைவாசிகளோடு மேற்கு வங்கத்தில் பர்தமான் பக்கம் நாற்று நடப் போனான். மழை முடிந்ததும் பாகூர்ப் பக்கம் ஒரு கல் உடைக்கும் ஆலையில் சேர்ந்தான். ஊருக்கு வரவில்லை.

ஆலயத்தில் அறுபது பேர் பதினான்கு ஆனார்கள். சில வீடுகள் பழைய பூசைக்கே திரும்பின. தெமானோ என்ற பூசாரி வந்து ஒரு வீட்டில் கோழி அறுத்தார் என்று எங்களுக்குப் போன் வந்தது. கல் வைத்த குடும்பத்தினர் யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் தாயார் பேரில் கட்டிய ஆலயத்தைப் பாழாக்கிவிட்டீர்கள் என்று எழுதினார்கள். பதில் எழுத எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அக்டோபரில் நான் மட்டும் போனேன். பிடியரிசிக்காக ஆளுக்கொரு எண்ணெய் டின் கொடுத்திருந்தோம், சிலுவை வரைந்து. ஒரு வீட்டில் டின்னைத் திறந்து காட்டச் சொன்னேன். அந்த அம்மா பரணிலிருந்து இறக்கித் திறந்தார். உள்ளே உப்பு. அடுத்த வீட்டு டின்னில் விதைச்சோளம், சாம்பல் கலந்து பூச்சி வராமல் பத்திரமாக வைத்திருந்தார்கள். "இதையும் போடணுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். விதையைக் கேட்டாலும் கொடுத்திருப்பார் போல. நான் டின்னை மூடி அவர் கையிலேயே கொடுத்தேன்.

பிடியரிசி என்பது தினமும் உலை ஏறும் வீட்டு வழக்கம். நெல் விளையும் ஊர்களுக்குச் சரி. இங்கே வருடத்தில் மூன்று மாதம் அளந்து போட எதுவுமே இல்லை. இதைத்தான் அந்த அக்கா நவம்பரிலேயே சொன்னார்.

## 2016: கூடை

அடுத்து நடந்தது எங்கள் யோசனை இல்லை. 2015 கடைசி அறுவடையில், மிஞ்சியிருந்த வீடுகளில் ஆறு பெண்கள் பேசி வைத்துக்கொண்டு, மகாஜனின் ஆள் அளக்க வரும் முன்னாலேயே வீட்டுக்கு ஒரு சின்னக் கூடை பயறை எடுத்து ஒரே வீட்டில் சேர்த்தார்கள். அடுப்புக்கு மேலே மூங்கில் பரணில் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டார்கள். புகை பட்ட பயறில் வண்டு விழாது. அறுவடை நேரத்தில் சந்தையில் விலை அடிமட்டம். சித்திரை வரை காத்திருந்து, இரண்டு பேர் அடிவாரச் சந்தைக்குச் சுமந்து போய் விற்றார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். கணக்கு வைத்தது ஐந்தாவது படித்த ஒரு பெண், ஒரு பள்ளி நோட்டில்.

மகாஜனுக்குத் தெரிந்திருந்தால் தகராறு ஆகியிருக்கும். கடனுக்கு ஈடான பயறில் ஒரு பங்கை ஒளிப்பது சரிதானா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் அதில் தலையிடவில்லை. அடுத்த வருடம் அவர்களே கடன் வாங்காத சரிவில் ஒரு துண்டு பொதுவாக விதைத்து அந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்கள்.

முதல் செலவு 2016 ஜூலையில். சபைக்கே வராத ஒரு வீட்டுப் பெண்ணுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், வயிறு வீங்கியிருந்தது. மிஷனெரி தம்பதி விடுப்பில் தமிழ்நாட்டில். முந்தைய வருடங்களில் இந்த நிலைமையில் போன்தான் வந்திருக்கும். இந்தத் தடவை கயிற்றுக் கட்டிலை மூங்கிலில் கட்டி, நான்கு ஆண்கள் மாற்றி மாற்றிச் சுமந்து, மழையில் வழுக்கும் பாதையில் கீழே இறக்கினார்கள். மாவட்ட மருத்துவமனையில் விரல் குத்திப் பார்த்ததில் கருங்காய்ச்சல். அப்போதெல்லாம் ஒரே தடவை நரம்பில் ஏற்றும் மருந்து வந்துவிட்டது. முன்போல் நாட்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. மருந்து இலவசம். வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் கூடைப் பணம். கூடப் போய் இரவு தங்கியது கணக்கு நோட்டுப் பெண்.

அந்தப் பெண் பிழைத்தார். அந்த வீடு இன்றைக்கும் சபைக்கு வருவதில்லை. மாஞ்சி மட்டும் மறுவாரம் சந்தை நாளில் தன் பேரனை மருந்துப் பெட்டிக்குக் கொண்டுவந்தார்.

## 2017, 2018

உபதேசியார் 2016 நவம்பரில் திரும்பி வந்தான். கல் ஆலைத் தூசியில் இருமல் பிடித்திருந்தது. எங்கள் மேல் வருத்தம் இருந்தது, மறைக்கவும் இல்லை. "நீக்கிட்டீங்கன்னு ஊர்ல சொன்னாங்க. என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கே தெரியல" என்றான். எங்கள் கடிதத்தில் அவன் ஊழியத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இல்லை. எடுத்துப் படித்துப் பார்த்தேன். உண்மையில் ஒன்றுகூட இல்லை.

2017 தையில் அவனுக்கும் சரிவில் பங்கு கிடைத்தது. மாதம் இரண்டு ஞாயிறு அவன் பிரசங்கம், மற்ற ஞாயிறுகளில் ஒரு பெரியவரும் இரண்டு பெண்களும். சம்பளம் கிடையாது. ஆனால் அவன் நோயாளி பார்க்கவோ பக்கத்து ஊருக்கோ போகும் நாட்களில், சபை வீடுகளிலிருந்து ஆள் போய் அவன் சரிவில் களை பறித்துக் கொடுக்கிறார்கள். இது யார் ஏற்பாடு என்று கேட்டேன். அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாகவே அவர்கள் நினைக்கவில்லை.

அதே வருடம் ஜார்க்கண்டில் மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. மதம் மாற்றும் சடங்குக்கு மாவட்ட நிர்வாகத்தின் முன்அனுமதி வேண்டும், மீறினால் சிறை. அக்கம்பக்கத்துத் தளங்களில் பயம் இருந்தது. இங்கே ஊழியர் வெளியாள் இல்லை என்பதும், மருந்து தனியாகிவிட்டது என்பதும் விசாரிக்க வந்தவர்களிடம் நேராகப் பேச உதவின. ஞானஸ்நானம் கேட்டவர்கள் காத்திருந்தார்கள். சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

2018 சித்திரைக் காற்றில் தகரக் கூரை மொத்தமாகப் போய்விட்டது. எங்களுக்குத் தகவல் வந்தது ஆவணியில், அதுவும் வேறு விஷயத்துக்காகப் போன் செய்தபோது.

## 2019, 2020

2019 பிப்ரவரியில் போனபோது ஆலயம் இடம் மாறியிருந்தது. சுனைக்கு இறங்கும் பாதையோரம், மூங்கில் தட்டிச் சுவர், புல் வேய்ந்த கூரை, பழையதில் பாதி அளவு. தண்ணீருக்குப் போகிறவர்கள் குடத்தை வைத்துவிட்டு உட்காரலாம் என்பதால் அந்த இடமாம். பழைய தகரங்களை விற்று மரம் வாங்கியிருக்கிறார்கள். பழைய கட்டடத்தின் சுவர் நின்றுகொண்டிருந்தது. கிரானைட் கல் கீழே படுத்த வாக்கில் கிடந்தது, அதன்மேல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் கல் நன்றாகச் சூடேறும், சீக்கிரம் காயும்.

கூரை அழகாக இருக்கிறது என்று பழைய பெரியவரிடம் சொன்னேன். "எங்க வீடு, நாங்க வேஞ்சோம்" என்றார். இந்தத் தடவை 'ஏம்'. ஐந்து வருடத்துக்கு முன் 'நிம்' கேட்ட காதுக்கு 'நாம்' என்று விழும் என ஒரு ஆசை இருந்தது உண்மை. நாங்களும் அதில் சேர்த்தி இல்லை என்பது கீழே இறங்கும்போது கொஞ்சம் வலித்தது. ஆனால் நாங்கள் தீர்மானத்தில் எழுதியது இதைத்தான், பாதி வழியில் அதையும் ஒத்துக்கொண்டேன்.

2020 மார்ச்சில் மிஷனெரி தம்பதி ஒரு கல்யாணத்துக்காகத் தமிழ்நாடு வந்திருந்தார்கள். ஊரடங்கில் மாட்டி, திரும்பிப் போக அக்டோபர் ஆகிவிட்டது. ஏழு மாதம். சிக்னல் கிடைக்கும் ஒரு பாறைமேல் ஏறி உபதேசியார் வாரம் ஒருமுறை கூப்பிடுவான். ஆராதனை நின்றதா என்று கேட்டால் சிரிப்பான். வெளியூரில் வேலை போய் நடந்தும் லாரியிலும் திரும்பிய பையன்களை ஊருக்கு வெளியே பழைய ஆலயச் சுவருக்குள் பதினான்கு நாள் வைத்து, கூடைப் பயறில் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். அந்தச் சுவர் அதற்காவது உதவியது. அந்த மழைக்காலத்திலேயே அடுத்த முகட்டில் இருக்கும் ஊரில் இரண்டு வீடுகளில் பாட்டுக் கூடுகை தொடங்கியிருந்தது. எங்கள் அறிக்கை எதிலும் அந்த ஊரின் பெயர் அதுவரை வந்ததில்லை.

கணக்காகப் பார்த்தால் 2013ல் 19 வீடுகள், 2020 கடைசியில் 13 வீடுகள். அடுத்த முகட்டு இரண்டு வீட்டைச் சேர்த்தால் 15. தாங்கும் சபைகளுக்குப் போகும் ஆண்டறிக்கையில் இது சரிவு. அப்படியே எழுதி அனுப்பினோம். இரண்டு சபைகள் தாங்குவதை வேறு தளத்துக்கு மாற்றிக்கொண்டன.

## மறுபடி செய்வதானால்

சம்பளத்தை நிறுத்தியதில் எனக்கு இன்னமும் மாற்றுக் கருத்து இல்லை. நிறுத்திய விதம் தவறு. முதலில் ஆளை நேரில் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். ஐந்து வருடம் உழைத்தவனுக்குத் தபாலில் நான்கு வரி போதாது. ஊர்க் கணக்கில் அறுவடை முடிந்து, சரிவு பேசி முடிக்கும் முன் சொல்லியிருக்க வேண்டும். கார்த்திகை என்று அந்த அக்கா சொன்னது அனுபவப் பேச்சு. நாங்கள் ஏழு பேர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று எடுத்துக்கொண்டோம். கூட்டத்தில் இருந்த ஏழு பேரும் ஆண்கள். இப்போது குழுவில் தளத்தில் இருக்கும் பெண்களில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

உண்மையில் 2010லேயே சம்பளம் தொடங்கியிருக்கக் கூடாது. சரிவில் விதைத்துக்கொண்டே ஊழியம் செய்ய அவனுக்கு அப்போது ஒரு தடையும் இல்லை. வேகம் வேண்டும் என்று நாங்கள்தான் அவனை வயலிலிருந்து தூக்கினோம். மருந்தையும் ஆராதனையையும் முதல் நாளிலிருந்தே பிரித்து வைத்திருக்க வேண்டும். மாஞ்சி வீட்டுக் குழந்தையை நினைக்கும்போது இதை மட்டும் 'பாடம்' என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கட்டடத்துக்குப் பணம் கொடுக்க வருகிறவர்களிடம் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: கல் வைப்பதில்லை. கொஞ்சம் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. உபதேசியாரின் மூத்த மகன் அடிவார ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அந்தக் கட்டணத்தை 2017லிருந்து நாங்கள்தான் கட்டுகிறோம். இருமலோடு திரும்பி வந்தவனைப் பார்த்த சங்கடத்தில் ஒத்துக்கொண்டது. ஊரில் வேறு யார் பிள்ளைக்கும் கட்டுவதில்லை. அது அங்கே எல்லாருக்கும் தெரியும். பையன் பத்தாவது முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நிறுத்துவதா, மற்றப் பிள்ளைகளுக்கும் கட்டுவதா, கூடைக்காரப் பெண்களிடமே கேட்டுவிடுவதா என்பதை அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறோம். கூட்டம் கார்த்திகையில்.